அமெச்சூர் அலைவரிசைகளில் நடப்பதை வந்து கேளுங்கள்: உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பொழுதுபோக்காக, வருமானம் எதிர்பாராமல் ரேடியோவில் ஒருவரோடு ஒருவர் பேசும் அமெச்சூர் வானொலிக்கு உரிமத்தில் கையெழுத்துப் போடும் அலுவலகங்களுக்கும், அந்த உரிமத்தின் நிபந்தனைகளை ஆட்கள் மதிக்கிறார்களா என்று பார்க்க வேண்டிய கண்காணிப்பு நிலையங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எந்த நாட்டு அலுவலகம் என்று குறிப்பிடாததற்குக் காரணம் இருக்கிறது. ஷார்ட்வேவில் ஒரு நாட்டிலிருந்து கிளம்பும் தொல்லை, பெரும்பாலும் இன்னொரு நாட்டில் இருப்பவரின் காதில்தான் போய் விழுகிறது.

நான் புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. இருக்கிற விதியைச் சீக்கிரமாக, தப்பு சின்னதாக இருக்கும்போதே, மற்றவர்களுக்கும் தெரியும்படி அமல்படுத்துங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

உங்களில் பலர் அமெச்சூர் பேண்டுகளை (எங்களுக்கென ஒதுக்கிய அலைவரிசைப் பகுதிகளை) நேரம் ஒதுக்கிக் கேட்டு நாளாகியிருக்கலாம். அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையில் ஒருவர் வந்து வெறும் கேரியரை (பேச்சே இல்லாத வெற்று ரேடியோ அலையை) ஏற்றிவிட்டு நிமிடக்கணக்கில் அப்படியே விட்டுவைக்கிறார். இன்னொருவர் பாட்டுப் போடுகிறார். வேறொருவர், சற்று முன் பேசியவரின் குரலைப் பதிவு செய்து அவர் மீதே திருப்பி ஒலிபரப்புகிறார். வரும் சமிக்ஞையை வாங்கி வலுவாக மறுபடி அனுப்பும் பொது நிலையமான ரிப்பீட்டரில் மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசாமலே இருக்கும் ஆட்கள் உண்டு; அந்த நேரம் முழுக்க வேறு யாராலும் அதைப் பயன்படுத்த முடியாது. கெட்ட வார்த்தை, மதத்தையும் இனத்தையும் இழுத்துத் திட்டுவது, பெண் குரல் கேட்டால் அசிங்கமாகப் பேசுவது, இன்னொருவரின் அழைப்புக் குறியை (உரிமத்தோடு தரப்படும் நிலைய அடையாளத்தை) சொல்லிக்கொண்டு இதையெல்லாம் செய்வது என்று பட்டியல் நீளும். இவர்களில் யாரும் தம் சொந்த அழைப்புக் குறியைச் சொல்வதில்லை.

இதில் எதுவும் சட்டத்தின் சந்துபொந்தில் நடப்பதல்ல. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி ஒழுங்குமுறைகளில், 15ஆவது பிரிவின் தொடக்கத்திலேயே தேவையற்ற ஒலிபரப்பும், பொய்யான சமிக்ஞையும், அடையாளம் சொல்லாத சமிக்ஞையும் எல்லா நிலையங்களுக்கும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. 25ஆவது பிரிவு, அமெச்சூர் நிலையங்கள் குறுகிய இடைவெளிகளில் தம் அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும் என்கிறது. அமெரிக்க விதிகள் அந்த இடைவெளியை அதிகபட்சம் 10 நிமிடம் என்று வரையறுத்து, வேண்டுமென்றே குறுக்கிடுவதை வெளிப்படையாகவே தடுக்கின்றன. உரிமத் தேர்வு எழுதும் ஒவ்வொருவரும் இவற்றைப் படித்துத்தான் தேறுகிறார். ஆக, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல இவர்களுக்கு வழியே இல்லை.

அப்புறம் ஏன் தொடர்கிறது? செய்தால் ஒன்றும் ஆகாது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான். புகார் அனுப்பியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒரே அனுபவத்தை: பதிலே வரவில்லை, அல்லது "உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி வந்தது. பொழுதுபோக்கில் வரும் சண்டைக்கு அரசு ஊழியரின் நேரத்தைச் செலவழிப்பதா என்ற எண்ணம் அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த எண்ணம் எங்கே தவறு என்று சொல்லத்தான் இந்த மடல்.

கண்டுபிடிக்க முடியாது என்ற வாதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதிகம் கேட்பது அதைத்தான். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. உள்ளூர்த் தொடர்புக்கான விஎச்எஃப் அலைவரிசை ரிப்பீட்டரில் தொல்லை கொடுப்பவரை ரிப்பீட்டரின் வெளியீட்டைக் கேட்டுக் கண்டுபிடிக்கவே முடியாது. அங்கே கேட்பதெல்லாம் ரிப்பீட்டரின் சமிக்ஞைதான். உள்ளீட்டு அலைவரிசையைக் கேட்க வேண்டும். விஎச்எஃப்பில் உள்ள 2 மீட்டர் பேண்டில் அது பெரும்பாலும் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும். அங்கே அந்த ஆளின் நேரடி சமிக்ஞை கிடைக்கிறதா என்று பார்த்து, கையில் ஒரே திசையை நோக்கிக் கேட்கும் ஒரு யாகி ஆன்டெனாவுடன் இரண்டு மூன்று இடங்களிலிருந்து திசை எடுத்து, வரைபடத்தில் கோடு போட்டால் கோடுகள் வெட்டும் இடம் தெரியும். எங்களில் பலர் இதை விளையாட்டாகவே செய்கிறோம். நரி வேட்டை என்ற பெயரில் ஒளித்துவைத்த டிரான்ஸ்மிட்டரைத் தேடும் போட்டிகள் உலகம் முழுக்க நடக்கின்றன. திறமைக்குப் பஞ்சம் இல்லை.

ஷார்ட்வேவில் கடினம், ஒத்துக்கொள்கிறேன். அங்கே சமிக்ஞை அயனி மண்டலத்தில் திரும்பி மேலிருந்து இறங்குகிறது. வளைய ஆன்டெனாவைச் சுழற்றினால் சமிக்ஞை மங்க வேண்டிய கோணம் தெளிவாகக் கிடைப்பதில்லை. அதைவிடப் பெரிய சங்கடம், தொல்லை கொடுப்பவரின் பக்கத்து ஊரில் இருப்பவருக்கே அவர் கேட்க மாட்டார்; ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு நன்றாகக் கேட்கும். தரையலை எட்டும் தூரத்துக்கும், வானலை முதலில் இறங்கும் தூரத்துக்கும் நடுவே அந்த மௌனமான வளையம் விழுந்துவிடுகிறது.

இருந்தாலும் இதற்கும் இன்று வழி இருக்கிறது. ரேடியோ அலை ஒரு மில்லிநொடியில் சுமார் 300 கிலோமீட்டர் போகிறது. ஜிபிஎஸ் கடிகாரத்தோடு பூட்டப்பட்ட மூன்று நான்கு ரிசீவர்கள் வெவ்வேறு இடங்களில் ஒரே சமிக்ஞையைப் பதிவு செய்தால், எங்கே முன்னால் வந்தது, எங்கே பின்னால் வந்தது என்ற வித்தியாசத்தை வைத்துக் கிளம்பிய பகுதியைக் கணக்கிடலாம். கிவி எஸ்டிஆர் என்ற ரிசீவர்களை ஆர்வலர்கள் பல நாடுகளில் இணையத்தோடு இணைத்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கைப் போடும் வசதி அதிலேயே உண்டு. வீட்டு வாசல் வரை அது காட்டாது. எந்தப் பகுதி என்று காட்டும். அதற்கு மேல் போக உங்கள் திசை கண்டறியும் நிலையங்களும், ஒரு வண்டியும், கதவைத் தட்டும் அதிகாரமும் வேண்டும். கடைசியாகச் சொன்னது எங்களிடம் இல்லை, இருக்கவும் கூடாது. கதவைத் தட்டும் வேலையைச் சக ஆர்வலர்கள் கையில் எடுத்தால் அது வேறு விதமான அராஜகமாகிவிடும்.

ஆள் பலம் இல்லை என்பது அடுத்த பதில். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி கூட 2015இல் தன் 24 கள அலுவலகங்களில் 11ஐ மூட முடிவெடுத்தது. விமானப் போக்குவரத்து, காவல், தீயணைப்பு, செல்பேசி வலையமைப்பு இவற்றில் வரும் குறுக்கீடுதான் உங்களுக்கு முதலில் வரும், வரவும் வேண்டும். ஆனால் அமெச்சூர் பேண்டில் ஒழுங்கைக் காக்கப் பெரிய படை தேவையில்லை என்பதற்கும் அதே நாட்டில் சான்று இருக்கிறது.

1998 முதல் 2008 வரை எஃப்சிசியில் அமெச்சூர் வானொலி அமலாக்கத்தைக் கவனித்தவர் ரைலி ஹோலிங்ஸ்வொர்த் என்ற வழக்கறிஞர். அவருடைய முக்கியமான கருவி கடிதம். இன்ன தேதியில், இன்ன நேரத்தில், இன்ன அலைவரிசையில் உங்கள் நிலையம் இப்படி இயங்கியதாகத் தகவல் வந்திருக்கிறது, விளக்கம் சொல்லுங்கள் என்று கேட்கும் கடிதம். அந்தக் கடிதங்கள் பொதுவெளியிலும் வந்தன. தேவைப்பட்டால் மறுதேர்வுக்கு அழைப்பார்கள், உரிமத்தைக் குறுகிய காலத்துக்கு மட்டும் புதுப்பிப்பார்கள், சில பேண்டுகளில் பேசும் உரிமையை நிறுத்திவைப்பார்கள். அபராதம் கடைசிப் படி. அந்தக் காலத்தைப் பார்த்த மூத்த ஹாம்கள் (அமெச்சூர் வானொலிக்காரர்களை அப்படித்தான் அழைப்பார்கள்), பேண்டுகளில் நடத்தை மாறியது என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். எனக்கு அதில் வியப்பு இல்லை. தன் பெயரும் அழைப்புக் குறியும் அரசுக் கடிதத்தில் வந்ததைப் பார்த்த மனிதர்களில் பெரும்பாலோர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

தாமதம் என்ன செய்யும் என்பதற்கும் அங்கிருந்தே ஒன்று சொல்கிறேன். 14.313 மெகாஹெர்ட்ஸ் பல ஆண்டுகளாகவே சண்டைக்குப் பேர் போன இடம். 2014 ஜூலையில் அங்கே வேண்டுமென்றே குறுக்கிட்டதாக இரண்டு உரிமதாரர்கள் மீது எஃப்சிசி 22,000 டாலரும் 11,500 டாலரும் அபராதம் முன்மொழிந்தது. அபராதம் கட்டாதவரிடம் எஃப்சிசி தானே வசூலிக்க முடியாது. நீதித் துறை வழக்குப் போட வேண்டும். அந்த வழக்குகளில் ஒன்று 2018இல்தான் சமரசத்தில் முடிந்தது: 7,000 டாலர், கூடவே 6 மாதத்துக்குக் கீழ்நிலை உரிமத்தின் சலுகைகள் மட்டும். நான்கு ஆண்டுகள்! எனக்குக் கேட்டால், அந்த 6 மாதக் கட்டுப்பாட்டை முதல் மாதத்திலேயே விதித்திருந்தால் அபராதத் தொகையைப் பற்றிப் பேசவே தேவை இருந்திருக்காது. ஷார்ட்வேவில் பேசியே பழகிய ஒருவருக்கு அங்கே பெரும்பாலான பேண்டுகளில் மைக்கைப் பிடிக்க முடியாத ஆறு மாதம் எவ்வளவு கனமான தண்டனை என்று ஹாம்களைக் கேட்டுப் பாருங்கள்.

பெரிய தொகையில் அபராதம் விதித்து, வசூலிக்க ஆண்டுகள் அலைவதைவிட, சின்ன நடவடிக்கையை வாரங்களில் முடிப்பது உங்களுக்கும் செலவு குறைவு.

காது கொடுக்க ஆள் இல்லை என்றால், அதற்கு நாங்கள் இருக்கிறோம். எஃப்சிசியும் அந்நாட்டு ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல்லும் ஒப்பந்தம் போட்டுத் தன்னார்வக் கண்காணிப்பாளர்களை வைத்திருக்கின்றன. பயிற்சி பெற்றவர்கள் கேட்கிறார்கள், பதிவு செய்கிறார்கள், அறிக்கை அனுப்புகிறார்கள். முடிவு எடுப்பது ஆணையம். அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், நன்றாக நடந்துகொண்ட நிலையங்களுக்குப் பாராட்டுக் கடிதமும் போகிறது. பிரிட்டனிலும் ஹாம் சங்கமான ஆர்எஸ்ஜிபி நெடுங்காலம் ஓர் அவதானிப்புச் சேவையை நடத்தியிருக்கிறது. சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியத்துக்கும் கண்காணிப்பு அமைப்பு உண்டு, ஆனால் அது பார்ப்பது வெளியாட்களை: அமெச்சூர் பேண்டுக்குள் வந்து உட்காரும் தொலைதூர ரேடார்கள், ராணுவ சமிக்ஞைகள் போன்றவற்றை. உரிமம் வைத்திருக்கும் உள்ளாள் செய்யும் அட்டூழியத்துக்கு அந்தந்த நாட்டு அதிகாரிகளை விட்டால் வேறு கதி இல்லை. அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குறுக்கீடு என்று வரும் புகார் எல்லாம் குற்றம் அல்ல. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாத அமலாக்கம் எங்களுக்கு வேண்டாம்.

பேண்டு நிறைந்திருக்கும் வார இறுதியில் பக்கத்து நிலையத்தின் சமிக்ஞை கொஞ்சம் மேலே வழிவது சகஜம். ஒருவர் மைக் கெயினை (மைக்கின் ஒலி அளவை) அதிகம் திருப்பி வைத்துவிட்டுத் தன் சமிக்ஞை அகலமாகச் சிதறுவதை அறியாமல் பேசிக்கொண்டிருக்கலாம். அவருக்குத் தேவை ஒரு தன்மையான குறிப்பு. இன்னொருவர் முறைப்படி "இந்த அலைவரிசை பயன்பாட்டில் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, பதில் இல்லாததால் அழைக்கத் தொடங்கியிருக்கலாம். மோர்ஸில் கியூஆர்எல் என்று கேட்பதும் இதைத்தான். நான் முன்னால் சொன்ன மௌன வளையத்துக்குள் அவர் இருந்தால், அங்கே பேசிக்கொண்டிருப்பவர் அவருக்குக் கேட்கவே மாட்டார். இருவருமே யோக்கியர்கள், இருவரும் மற்றவர்தான் அத்துமீறினார் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னும் சிக்கலானது, தினமும் ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில் கூடும் நெட்டுகள். இருபது முப்பது ஆண்டுகளாக இங்கேதான் கூடுகிறோம், இது எங்கள் இடம் என்ற நினைப்பு மெல்ல வந்துவிடுகிறது. அமெச்சூர் சேவையில் எந்த அலைவரிசையும் எந்தக் குழுவுக்கும் சொந்தமில்லை. நெட் தொடங்கும் நேரத்தில் அங்கே வேறு இருவர் பேசிக்கொண்டிருந்தால் நகர வேண்டியது நெட்தான். ஆகவே ஒரு நெட்டிலிருந்து இருபது பேர் ஒரே மாதிரிப் புகார் எழுதி அனுப்பினால், அந்த இருபதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒலிப்பதிவைக் கேளுங்கள். உலக நேரத்தில் குறித்த நேரம், அலைவரிசை, யார் முதலில் அங்கே இருந்தார், அழைப்புக் குறி சொன்னாரா, நகரச் சொல்லிக் கேட்டபோது என்ன சொன்னார் என்று பாருங்கள். ஒரே ஆள் பல நாட்களில், பல அலைவரிசைகளில், அடையாளம் சொல்லாமல், மற்றவர் நகர்ந்த இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போகிறார் என்றால் அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அப்படி நகர்ந்து நகர்ந்து துரத்துவதுதான் வேண்டுமென்றே செய்வதற்கான தெளிவான அடையாளம்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பு வேண்டும். அழைப்புக் குறியைத் திருடிப் பயன்படுத்துபவர்கள் இருக்கும்போது, ஒலிப்பதிவில் ஒரு குறி கேட்டது என்பதற்காக அந்தக் குறிக்குரியவரைத் தண்டித்துவிட முடியாது. முதல் கடிதம் கேள்வியாகவே இருக்கட்டும்.

அவசர காலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அப்போது மட்டும்தான் எல்லோருக்கும் எங்கள் நினைவு வருகிறது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, அந்தமானில் தூரத் தொடர்புகளுக்காகப் போயிருந்த ஹாம் குழு, மற்ற தொடர்புகள் அறுந்த நிலையில் செய்திகளைக் கடத்தியது. அமெரிக்காவில் 1965இலிருந்து ஒரு தன்னார்வ நெட் 14.325 மெகாஹெர்ட்ஸில் புயல் காலங்களில் கூடி, பாதையில் இருப்பவர்களின் நிலவரத்தைச் சேகரித்து வானிலை மையத்துக்குத் தருகிறது. 14.300 மெகாஹெர்ட்ஸ், அவசரத் தொடர்புக்கான மையமாக உலகம் முழுவதற்கும் ஏற்கப்பட்ட இடம். இந்த அலைவரிசைகளில் பேரிடர் அன்றைக்கு மட்டும் ஒழுங்கு வந்துவிடுமா? சாதாரண நாட்களில் யாரும் தட்டிக்கேட்காததால் துணிந்துபோன ஆள், அன்றைக்கும் அதே மைக்கோடு அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். பலவீனமான பேட்டரியில் ஓடும் ஒரு நிலையத்தின் மெல்லிய சமிக்ஞையை மூட, அவருடைய டிரான்ஸ்மிட்டரின் சில நொடிகள் போதும்.

பேரிடரை விடுங்கள், தினசரி இழப்பே பெரிது. தேர்வு எழுதித் தேறி, முதல் ரேடியோவை வாங்கி, நடுங்கும் குரலில் முதல் அழைப்பை விடும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முதலில் கேட்பது வசை என்றால், அந்த ரேடியோ அலமாரிக்குப் போய்விடும். பெண்கள் பலர் குரல் வழித் தொடர்பைத் தவிர்த்து மோர்ஸுக்கோ டிஜிட்டல் முறைகளுக்கோ ஒதுங்குகிறார்கள். பார்வையற்ற ஹாம்கள் எத்தனையோ பேருக்கு இந்த ஒலியுலகம்தான் அன்றாட நட்பு வட்டம். அதில் இப்படிக் குப்பை கொட்டினால் அவர்கள் எங்கே போவார்கள்? இவர்கள் யாரும் உங்களுக்குப் புகார் எழுதுவதில்லை. பேசாமல் விலகிவிடுகிறார்கள். உங்கள் கோப்பில் புகார் குறைவாக இருப்பதை வைத்துப் பிரச்சினை சின்னது என்று எண்ண வேண்டாம்.

சக ஹாம்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. தொல்லை கொடுப்பவருக்குப் பதில் சொல்லாதீர்கள். அவருக்கு வேண்டியதே உங்கள் கோபம். அது கிடைத்தால் இரவெல்லாம் இருப்பார். கேட்காதது போல் உரையாடலைத் தொடருங்கள், அல்லது நகருங்கள், நேரத்தையும் அலைவரிசையையும் குறித்துக்கொள்ளுங்கள். அரிதான தீவிலிருந்து ஒரு குழு பேசும்போது, சற்று மேலே உள்ள அலைவரிசையில் அழைக்காமல் தவறிப்போய் அவர்கள் அலைவரிசையிலேயே யாரோ ஒருவர் அழைத்துவிட்டால், "மேலே போ, மேலே போ" என்று பத்துப் பேர் அதே இடத்தில் கத்துவது எந்தக் காவலும் அல்ல. அந்த ஒருவர் மூடியது ஒரு நொடியை. இந்தப் பத்துப் பேர் ஒரு நிமிடத்தை மூடுகிறார்கள். அதற்குப் பழிவாங்க இன்னொருவர் கேரியரை ஏற்றுகிறார். அதிகாரிகளைக் குறை சொல்லும் உரிமை நமக்கு வேண்டுமானால் இதை நாம் நிறுத்தியாக வேண்டும்.

சரி, உங்களிடம் குறிப்பாக என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அமெச்சூர் புகார்களுக்கென்று பெயர் தெரிந்த ஒரு பொறுப்பாளரை வையுங்கள். பகுதி நேரமாக இருந்தாலும் போதும். வரும் ஒவ்வொரு புகாருக்கும், ஆதாரம் போதவில்லை என்றாவது, ஒரு பதில் போகட்டும். உங்கள் நாட்டு ஹாம் சங்கத்தோடு எழுத்துப்பூர்வமாக ஓர் ஏற்பாடு செய்து, என்ன வடிவில் பதிவு கொடுத்தால் ஏற்பீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். தவறு உறுதியானால் முதலில் எச்சரிக்கை, அடுத்து சில மாதங்களுக்குச் சலுகைக் குறைப்பு, மீண்டும் செய்தால் உரிமம் ரத்து என்ற படிவரிசையை அறிவித்து, எடுத்த நடவடிக்கையை வெளியிடுங்கள். வேறு நாட்டிலிருந்து கிளம்பும் குறுக்கீடு என்றால், அந்த நாட்டு நிர்வாகத்துக்கு எழுதும் வழி வானொலி ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். உரிமமே இல்லாமல் வந்து தொல்லை தருபவருக்குச் சலுகைக் குறைப்பு என்ற படியே பொருந்தாது. அங்கே கருவியைப் பறிமுதல் செய்ய உங்கள் நாட்டுச் சட்டம் என்ன அதிகாரம் தருகிறதோ அதைத் தயங்காமல் எடுங்கள்.

இந்த மடலுக்கு எனக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டாம். உங்கள் மேசையில் பதில் போகாமல் கிடக்கும் அமெச்சூர் புகார்களில் எது பழையதோ, அதை எழுதியவருக்கு இந்த வாரம் எழுதுங்கள்.

73 (ஹாம்கள் மொழியில் நல்வாழ்த்துகள்).

இப்படிக்கு,
அமெச்சூர் வானொலி உரிமதாரர் ஒருவர்